இரத்தின மாநிலம் ஒரு பெட்டிக்குள்: ஐடஹோ அட்டைத் தொகுதி பற்றிய ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் பழைய புத்தகங்களும் பாடசாலைப் பொருட்களும் விற்கின்ற ஒரு கடையில், சென்ற மாதம், அமெரிக்காவின் மேற்கிலுள்ள ஐடஹோ மாநிலத்தைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பெட்டி ஒன்றைக் கண்டேன். வெளிநாட்டில் விற்று மீந்த பொருட்களை மொத்தமாக வாங்கியபோது அவற்றோடு வந்தது என்று கடைக்காரத் தம்பி சொன்னார். விலை 2,750 ரூபாய். உள்ளே 56 படஅட்டைகள், எழுதப்படாத நான்கு வெற்று அட்டைகள், சுவரில் மாட்டும் வரைபடம் ஒன்று, மாநிலத்தின் வடிவிலான 100 துண்டுப் புதிர்ப்படம் ஒன்று, 25 சத நாணயத்தின் மாதிரி ஒன்று ஆகியவை இருந்தன. அட்டைகள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றோடு, இங்கே யாரோ தயாரித்துச் சேர்த்த எட்டுப் பக்கத் தமிழ் விளக்கத்தாள் ஒன்றும் செருகப்பட்டிருந்தது. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்ல நிறைய இருக்கிறது.

பாண்டிருப்பில் இருக்கின்ற ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன் ஒருவனுக்கு ஐடஹோவோடு என்ன உறவு என்று வீட்டிலேயே கேட்டார்கள். எங்களுக்கு நாவிதன்வெளிப் பக்கம் நான்கு ஏக்கர் வயல் உண்டு. அந்த வட்டைக்கு வருகின்ற நீர் இங்கினியாகல அணையிலிருந்து வருகின்றது. பட்டிப்பளை ஆற்றை மறித்து அந்த அணையைக் கட்டும் ஒப்பந்தத்தைப் பெற்ற அமெரிக்க நிறுவனமான மொரிசன் நூட்சன், 1912 ஆம் ஆண்டு ஐடஹோவின் தலைநகரான பொய்சியில் ஹாரி மொரிசன், மொரிஸ் நூட்சன் என்ற இருவரால் தொடங்கப்பட்டது. கொலராடோ ஆற்றின் ஹூவர் அணையைக் கூட்டாகக் கட்டிய ஆறு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. என் தகப்பனார் இங்கினியாகலவில் நேரப்பதிவாளராக வேலை செய்தவர். கடைசி வரைக்கும் அவர் அதை 'மொரிசன் கம்பனி' என்றுதான் சொல்லுவார். அந்தக் கம்பனியின் ஊர் எப்படிப்பட்டது என்பதை அறியும் ஆசையே இந்தப் பெட்டியை வாங்க வைத்தது. எனவே இம்மதிப்பீட்டில் கொஞ்சம் பாரபட்சம் இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொருளின் தரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. அட்டைகள் தடித்த தாளில், ஈரத்தைத் தாங்கும் பூச்சோடு அச்சிடப்பட்டுள்ளன. எங்கள் கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் மூன்று வாரம் மேசைமேல் கிடந்தும் ஓரம் சுருளவில்லை. படங்களின் நிறம் தெளிவாக உள்ளது. வரைபடமே பெட்டியின் சிறந்த பகுதி. வடக்கே ஒடுங்கிக் கனடாவின் எல்லையைத் தொட்டு, தெற்கே அகன்று விரிகின்ற அந்த மாநிலத்தின் விசித்திர வடிவமும், அதன் தென்பகுதியை வில்லைப்போல் வளைத்துச் செல்லும் ஸ்நேக் ஆறும், நடுவே பாதைகள் ஏறமுடியாத மலைக்கூட்டமும் ஒரே பார்வையில் விளங்கும்படி வரையப்பட்டுள்ளன. ஏறத்தாழ 2,16,000 சதுரக் கிலோமீற்றர் பரப்பு, அதாவது இலங்கையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கே வாழ்ந்தவர்கள் 18 இலட்சத்துச் சொச்சம் பேர் மட்டுமே. வகுப்பறையில் குடியடர்த்தி படிப்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. வட பகுதிக்கு ஒரு நேரமும் தென்பகுதிக்கு வேறொரு நேரமும் நடைமுறையில் உள்ளதையும் வரைபடம் ஒரு புள்ளிக்கோட்டால் காட்டுகின்றது.

அட்டைகளில் இருபது மாநிலச் சின்னங்களுக்கு உரியவை. முதல் அட்டையே பெயரைப் பற்றியது. 'மலைகளின் இரத்தினம்' என்று பொருள்படும் பழங்குடிச் சொல்லே ஐடஹோ என அது அடித்துச் சொல்கின்றது. இங்கேதான் எனது முதல் முறைப்பாடு. 1860 ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் வில்லிங் என்பவர், இன்று கொலராடோ எனப்படும் நிலப்பகுதிக்கு வைப்பதற்காக இந்தப் பெயரையும் இந்தப் பொருளையும் முன்வைத்தார். அந்தப் பொருளில் எந்தப் பழங்குடி மொழியிலும் அப்படியொரு சொல் இல்லை என்ற ஐயம் எழுந்தபோது, 1861 இல் அந்தப் பகுதிக்குக் கொலராடோ என்று பெயரிட்டுவிட்டார்கள். ஆனால் பெயர் மட்டும் சாகவில்லை. 1863 இல் லிங்கன் காலத்தில் வடமேற்கே புதிய ஆட்சிப்பகுதி ஒன்றை வகுத்தபோது அதே ஐடஹோவை எடுத்து அதற்குச் சூட்டினார்கள். தலைநகரின் பெயரில் வேறு நம் காதுக்குப் 'பொய்' ஒலிக்கின்றது. புனைந்த பெயர் என்று சொன்னால் பிள்ளைகள் இன்னும் ஆவலாகக் கேட்டிருப்பார்கள் என்பதே என் எண்ணம். மட்டக்களப்பு என்ற பெயருக்கு நம் ஊரில் எத்தனை கதை சொல்கிறார்கள் என்பதை அறிந்த எவருக்கும் இது புதிதல்ல.

'இரத்தின மாநிலம்' என்ற செல்லப்பெயருக்கோ உண்மையான ஆதாரம் உண்டு. மாநிலக் கல்லாக 1967 இல் ஏற்கப்பட்ட நட்சத்திரக் கார்னெட், மெருகிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் நான்கு அல்லது ஆறு கதிர்களோடு மின்னும். அது குறிப்பிடத்தக்க அளவில் கிடைப்பது ஐடஹோவிலும் இந்தியாவிலும்தான். வடபகுதியிலுள்ள எமரால்ட் ஓடையில் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்திச் சேற்றைச் சல்லடையில் அரித்து அந்தக் கல்லைத் தேடலாம் என்று அட்டையின் பின்புறம் கூறுகின்றது. இரத்தினபுரியில் குழியிறங்கிக் கூடையில் இல்லம் எனப்படும் இரத்தினச் சரளையைக் கழுவுகின்ற மனிதர்களின் படத்தை நான் இந்த அட்டையின் அருகில் வைத்துக் காட்டினேன். ஒரே வேலை; ஓரிடத்தில் பொழுதுபோக்கு, இன்னோரிடத்தில் வயிற்றுப்பாடு.

சின்ன அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மாநில முத்திரை பற்றியது. ஐடஹோ 1890 ஜூலை 3 ஆம் திகதி 43 ஆவது மாநிலமாக இணைந்த பின், முத்திரை வரைவதற்குச் சட்டமன்றம் ஒரு போட்டி வைத்தது. 1891 இல் 100 டொலர் பரிசைப் பெற்றவர் எம்மா எட்வர்ட்ஸ் என்ற இளம் ஓவிய ஆசிரியை. பிற்காலத்தில் எம்மா எட்வர்ட்ஸ் கிரீன் என அறியப்பட்டார். ஐக்கிய அமெரிக்காவின் மாநில முத்திரைகளுள் பெண் ஒருவர் வரைந்தது இது ஒன்றே. ஒரு பக்கத்தில் மண்வெட்டி ஏந்திய சுரங்கத் தொழிலாளி, மறுபக்கத்தில் தராசு ஏந்திய பெண், இருவருக்கும் நடுவில் கேடயம், கேடயத்துள் ஆறும் மலையும், மேலே எல்க் மானின் தலை, அதற்கும் மேலே 'என்றென்றும் நிலைப்பதாக' என்ற பொருளுடைய இலத்தீன் வாசகம் என அந்தச் சிறிய வட்டத்துக்குள் ஒரு நாட்டின் பொருளாதாரமே அடங்கியிருக்கின்றது. ஆணும் பெண்ணும் ஒத்த நிலையில் நிற்பது தற்செயலாக அமைந்ததன்று. பெண்களுக்கு வாக்குரிமை வரப்போகின்றது என்பதை அறிந்தே அவர் அவ்வாறு வரைந்தார். 1896 இல் அது வந்தது. நம் நாட்டில் எல்லோருக்குமான வாக்குரிமை வந்தது 1931 இல். ஐடஹோ மாநிலம் தன் பறவையையும் பூவையும் தேர்ந்ததும் தற்செயலாக அதே ஆண்டில்தான். இந்த அட்டையை உருவாக்கியவர் தொழில் தெரிந்தவர்: முத்திரையின் ஒவ்வொரு பகுதிக்கும் எண் இட்டு, பின்புறத்தில் விளக்கம் தந்திருக்கிறார்.

பூவைப் பற்றிய அட்டை சிறு குழப்பத்தை உண்டாக்கும். மாநிலப் பூவை அங்குள்ளோர் சிரிங்கா என்கின்றனர். ஆனால் தாவரவியலில் சிரிங்கா என்ற பேரினம் வேறொன்று. அது ஊதா நிறத்தில் கொத்தாகப் பூக்கும் இலைலாக். ஐடஹோவின் பூ வெள்ளை நிறம், நான்கு இதழ், தோடம்பூவை ஒத்த வாசனை. அதன் அறிவியற் பெயரான பிலடெல்பஸ் லூயிசி, 1805 இலும் 1806 இலும் தன் கூட்டாளி கிளார்க்குடன் அந்த மலைகளைக் கடந்த ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அட்டையின் ஆங்கிலத்தில் இது சரியாகவே உள்ளது. நமது விளக்கத்தாளில்தான் 'ஊதா நிற மலர்' என்று எழுதி, அருகிலுள்ள படத்தில் வெள்ளைப் பூவைப் பார்க்கும் பிள்ளையைத் திகைக்க வைத்திருக்கிறார்கள்.

விளக்கத்தாளின் பிழைகளை இந்த இடத்திலேயே சொல்லி முடிக்கிறேன். எல்க் என்பதை 'எருமை' என்று எழுதியிருக்கிறார்கள். இங்கினியாகலக் காட்டோரத்தில் வாழ்பவர்களுக்கு 'அங்குள்ள பெரிய மரை' என்றால் போதும், உடனே விளங்கும். பீவரை 'நீர்நாய்' என்கிறார்கள். நீர்நாய் நமது குளங்களில் மீன் பிடித்துத் தின்னும் வேறு விலங்கு. பீவர் மரத்தைப் பல்லால் அரிந்து ஓடையை மறித்து அணை கட்டும் கொறிவிலங்கு. மாநில மீனுக்குத் தாடையின் கீழே சிவப்புக் கோடு இருப்பதால் ஆங்கிலத்தில் 'வெட்டுண்ட கழுத்து' என்று பெயர். அதனை 'கழுத்தறுக்கும் மீன்' என்று மொழிபெயர்த்ததில், என் பேரன் அது சுறாவின் தம்பி என்றே ஒரு கிழமை நம்பிக்கொண்டிருந்தான். செங்கழுத்து மீன் என்றிருந்தால் வேலை முடிந்திருக்கும். இந்தத் தாளுக்காகக் கடை தனியாக 150 ரூபாய் அறவிடுகின்றது. அதைக் கொடுக்கத் தேவையில்லை.

விலங்குகளைப் பற்றிய 18 அட்டைகளுக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். அவற்றுள் தலையானது சொக்காய் சால்மன் பற்றியது. பசிபிக் கடலில் வளர்ந்த இந்த மீன், கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் நுழைந்து, ஸ்நேக் ஆற்றினுள் திரும்பி, சால்மன் ஆற்றின் வழியாக ஏறி, தான் பிறந்த ரெட்பிஷ் ஏரியை அடைகின்றது. தூரம் ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர். ஏறும் உயரம் சுமார் 2,000 மீற்றர். பீதுருதாலகால மலையின் உயரமே 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், கடல் மட்டத்திலிருந்து நுவரெலியாவைத் தாண்டி நீந்திப் போகும் ஒரு மீனை மனக்கண்ணில் காணலாம். ஏரியை நெருங்கும்போது அதன் உடல் சிவந்துவிடும், முட்டையிட்டதும் இறந்துவிடும். ஏரிக்குச் 'செம்மீன் ஏரி' என்ற பொருளில் பெயர் வந்தது அதனால்தான்.

அந்த வழியில் இப்போது எட்டு அணைகள் நிற்கின்றன. 1991 இல் ஸ்நேக் ஆற்றுச் சொக்காய் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1992 இல் அந்த ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரேயொரு மீன், அதுவும் ஆண். 'தனியன் லரி' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்; அதன் விந்தை உறையவைத்துப் பாதுகாத்து, வளர்ப்புத் தொட்டிகளில் இனத்தைப் பெருக்கப் பயன்படுத்தினார்கள். அட்டை இதனை ஆறு வரிகளில் மிகைப்படுத்தாமல் சொல்கின்றது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பதையும், மாரி வெள்ளத்தில் அதை வெட்டிவிடுவதையும், கொடுவாயும் மணலையும் கடலுக்கும் வாவிக்கும் இடையில் போய்வருவதையும் பார்த்து வளரும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு அட்டையை வைத்தே ஒரு பாடவேளை முழுவதும் படிப்பிக்கலாம். விலாங்கு மீன் இதற்கு நேர்மாறாக ஆற்றிலிருந்து கடலுக்குப் போய் முட்டையிடுகின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகள் தாமாகவே கேள்விகளைத் தொடங்கிவிடுவார்கள்.

'அம்மப்பா, அந்த மீன் இங்கினியாகல அணைக்கு வந்தா வான் கதவால ஏறுமா?' என்று பேரன் கேட்டான். அமெரிக்க அணைகள் பலவற்றில் படிக்கட்டுப் போன்ற மீன்வழிகள் உள்ளன, அவை இருந்தும் மீன்கள் குறைந்தன என்று சொன்னேன். அட்டையில் மீன்வழியின் படம் ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓநாய் அட்டையை அம்பாறை மாவட்டத்தில் வாசிப்பது ஒரு தனி அனுபவம். வேட்டையாலும் நஞ்சாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே துடைத்தெறியப்பட்ட ஓநாய்களை, கனடாவிலிருந்து பிடித்துவந்து, 1995 இல் 15, 1996 இல் 20 என மொத்தம் 35 ஐ நடு ஐடஹோவின் காட்டில் அரசாங்கம் விடுவித்தது. அவை பெருகின, ஆடு மாடு வளர்ப்போரின் கோபமும் பெருகியது. 2011 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவற்றைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. காட்டில் வாழும் உயிரின்மேல் தலைநகரில் உள்ளவர்களுக்கு உள்ள அன்பும், அதே உயிரோடு வேலியைப் பகிர்ந்துகொள்பவனின் அச்சமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை, இரவில் பரண்மேல் யானை வெடியோடு வேளாண்மையைக் காவல் காத்த எவரும் அறிவார். அட்டையோ 'ஓநாய்கள் மகிழ்ச்சியோடு வீடு திரும்பின' என்ற பாணியில் முடிந்துவிடுகின்றது. பண்ணையாளரின் பக்கம் ஒரு வரி கூட இல்லை.

பீவர் அட்டைக்கு வந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. 1948 இல், குடியிருப்புகளில் தொல்லை கொடுத்த 76 பீவர்களைத் தானாகத் திறந்துகொள்ளும் மரப்பெட்டிகளில் அடைத்து, விமானத்திலிருந்து பரசூட்டில் மலைக்காட்டுக்குள் இறக்கினார்கள். ஜெரொனிமோ என்ற கிழட்டுப் பீவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்களாம். ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் உயிரோடு தரை இறங்கி, தத்தம் ஓடைகளில் அணை கட்டத் தொடங்கின. யானைகளை லொறியில் ஏற்றிக் காடு மாற்றுவதைப் பார்த்த நமக்கு, இந்த முறையைக் கேட்கும்போது பொறாமையாகக்கூட இருக்கின்றது.

ஏனைய அட்டைகளுள் பைரி பற்றியது பயனுள்ளது. டீ.டீ.ரீ. நஞ்சால் முட்டை ஓடு மெலிந்து அழியும் நிலைக்கு வந்த இந்தப் பறவையை வளர்த்து மீட்ட அமைப்பு 1984 முதல் பொய்சியிலேயே இயங்குகின்றது. 2007 இல் வெளிவந்த ஐடஹோவின் 25 சத நாணயத்திலும் பைரியே இருக்கின்றது. பெட்டியிலுள்ள மாதிரி நாணயம் இதனுடையது, வார்ப்பு மங்கலாக இருந்தாலும். பைரியின் கிளையினம் ஒன்று நமது பாறை மலைகளிலும் கூடு கட்டுவதால் பிள்ளைகளுக்கு அது அந்நியம் அல்ல. மாநிலப் பூச்சியான மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கின் குடும்பத்துச் செடியையே தின்னும். நமது வளவு வேலியில் எருக்கிலையைத் தின்னும் புழுவின் உறவுக்காரன் அது. மலை நீலக்குருவி அட்டையில் அழகான படத்தைத் தவிர எதுவுமில்லை.

வரலாற்றுக்கு வருவோம். பத்தே பத்து அட்டைகள். அவற்றுள் தங்கம் கண்டெடுத்தது, தொடர்வண்டி வந்தது, மாநிலமானது, உருளைக்கிழங்கு நட்டது, அணுவால் மின்சாரம் எடுத்தது என வெற்றிச் செய்திகள் மட்டுமே வரிசையாக நிற்கின்றன. கடைசிச் செய்தி உண்மையிலேயே பெரிது: 1951 டிசம்பர் 20 அன்று ஆர்கோ என்ற சிற்றூருக்கு அண்மையிலுள்ள பரிசோதனை உலையில், அணுசக்தியால் எடுத்த மின்சாரத்தில் நான்கு மின்குமிழ்கள் எரிந்தன. இதை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்தவர்களுக்கோ ஒரேயொரு அட்டை. அதுவும் லூயிஸ், கிளார்க் குழுவுக்கு உதவிய சகாகவேயா என்ற லெம்ஹை சொசோனிப் பெண்ணைப் பற்றியது. 1805 இல் பட்டினியோடு மலையிறங்கி வந்த அந்தக் குழுவுக்குச் சால்மன் மீனும் கமாஸ் கிழங்கும் கொடுத்துக் காப்பாற்றிய நெஸ் பெர்ஸ் மக்களின் பெயர், வரலாற்று அட்டைகளில் எங்கும் இல்லை.

அந்தப் பெயர் எங்கே இருக்கின்றது என்று தேடினால், மாநிலக் குதிரையின் அட்டையில் இருக்கின்றது. புள்ளிபோட்ட அப்பலூசாக் குதிரையை அந்த மக்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு வரி. 1855 இல் அவர்களோடு ஒப்பந்தம் செய்து பரந்த நிலத்தை ஒதுக்கியதும், தங்கம் கிடைத்தவுடன் 1863 இல் அதில் பத்தில் ஒன்பது பங்கைப் பறித்ததும், 1877 ஜூனில் வைற் பேர்ட் பள்ளத்தாக்கில் போர் மூண்டதும், பெண்களும் பிள்ளைகளுமாக ஏறக்குறைய 750 பேர் சுமார் 1,900 கிலோமீற்றர் தூரம் குதிரைகளோடு ஓடிக் கனடாவின் எல்லைக்கு 65 கிலோமீற்றர் மட்டும் இருக்கையில் ஒக்டோபர் 5 அன்று தலைவர் ஜோசப் சரணடைந்ததும் அட்டையில் இல்லை. அவர்களுடைய குதிரைகளைப் படையினர் பறித்துக்கொண்டார்கள். கலைந்துபோன அந்தக் குதிரை இனத்தை மீட்க 1938 இல் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. 1975 இல் அது மாநிலத்தின் சின்னமானது. குதிரையைச் சின்னமாக்கி மனிதரை மறந்த இந்த ஒரு அட்டையே பெட்டியின் முழுக் குணத்தையும் காட்டுகின்றது. இதே தொகுதியில், ஹகர்மன் என்ற இடத்தில் தோண்டியெடுத்த சுமார் 35 இலட்சம் ஆண்டு பழைய குதிரை எலும்புக்கு ஒரு முழு அட்டை கொடுத்து, அதன் இனம் அமெரிக்காவில் அழிந்து பின்னர் ஸ்பானியரால் குதிரைகள் மீண்டும் வந்ததையும் விரிவாக விளக்கியிருப்பதால், இடம் போதவில்லை என்ற சாக்கும் செல்லாது.

1863 ஜனவரி 29 அன்று 'பெயர்' (ஆங்கிலத்தில் கரடி) என்ற ஆற்றின் கரையில் நூற்றுக்கணக்கான சொசோனி மக்களைப் படையினர் கொன்றதைப் பற்றியும் அட்டை இல்லை. 1870 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐடஹோ மக்களில் கால்பங்குக்கு மேலானோர் சீனச் சுரங்கத் தொழிலாளரும் வணிகருமாக இருந்ததைப் பற்றியும் இல்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை மினிடோகா முகாமில் முள்வேலிக்குள் வைத்திருந்ததும், அவர்களைக் கொண்டு வாய்க்கால் வெட்டுவித்ததும் இல்லை. சிறுவர்களுக்கான பெட்டியில் இவை வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். முகாம், முள்வேலி என்ற சொற்களைச் சிறுவயதிலேயே அறிந்து வளர்ந்த பிள்ளைகளின் மாவட்டத்தில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

நான் மிக ஆவலோடு தேடியது நீரைப் பற்றிய அட்டைகளை. ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் ஆண்டுக்கு 250 முதல் 300 மில்லிமீற்றர் மழைதான் பெய்யும். நமக்கு மாரியில் ஒரே கிழமையில் அவ்வளவும் கொட்டிவிடுவதுண்டு. எரிமலைச் சாம்பல் கலந்த அந்த வரண்ட மண், 1905 ஆம் ஆண்டளவில் மில்னர் அணையும் அதன் பின் மற்ற அணைகளும் நீரைத் திருப்பிய பிறகே விளைநிலமாயிற்று. அமெரிக்காவில் விளையும் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்று அங்கிருந்து வருகின்றது. 1915 இல் முடிந்த அரோறொக் அணை அப்போது உலகிலேயே உயரமானது. இவ்வளவையும் ஓர் உருளைக்கிழங்கு அட்டை சொல்லிவிடுகின்றது, நல்ல படங்களோடு. ஆனால் நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அது தொடவில்லை. ஐடஹோவின் சட்டப்படி முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. பஞ்ச காலத்தில் பழைய உரிமைக்காரர் நிறைய எடுத்த பின்னரே புதியவருக்கு மிஞ்சும். போகத்துக்கு முன் கூட்டம் கூடி, நீர் குறைந்தால் விதைக்கும் பரப்பைக் குறைத்து எல்லோருமாகப் பகிர்ந்துகொள்வதும், வட்டவிதானையார் மதகைத் திறக்க முறை வைப்பதும் நமது வழக்கம். வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவன் என்ற முறையில், நமது வழக்கமும் குறையற்றது அல்ல என்பதை நான் அறிவேன். எனினும் இந்த இரண்டையும் ஒப்பிட வாய்ப்பளிக்கும் ஓர் அட்டை இருந்திருந்தால், உயர்தர வகுப்புக்கும் இந்தப் பெட்டி பயன்பட்டிருக்கும்.

ரீற்றன் அணையும் பெட்டியில் இல்லை. சுமார் 93 மீற்றர் உயரமான அந்த மண்ணணை, முதன்முறையாக நீர் நிரம்பிக்கொண்டிருந்தபோதே 1976 ஜூன் 5 அன்று உடைந்து, கீழேயுள்ள ஊர்களை அடித்துக்கொண்டு போனது; 11 பேர் இறந்தனர். வெடிப்புகள் நிறைந்த பாறையும், அதற்கு ஈடுகொடுக்காத வடிவமைப்புமே காரணம் என்று விசாரணையில் கண்டார்கள். இங்கினியாகல அணை மறித்த, 7,70,000 ஏக்கரடி நீரைத் தாங்கும் சேனநாயக்க சமுத்திரத்தின் கீழே வாழ்பவன், அணை என்றால் பெருமை மட்டும் கொள்வதில்லை. வான் பாயும் மாரியில் இரவில் விழித்திருந்து வானொலியும் கேட்கிறான்.

பொய்சியைப் பற்றிய அட்டையில் மரங்கள், சட்டமன்றக் கட்டடம், பாஸ்க் இனத்து ஆட்டிடையர்களின் வழிவந்தோர் நடத்தும் விழா ஆகியவை உள்ளன. மொரிசன் நூட்சன் என்ற பெயர் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்காகச் செய்த பெட்டியில் பட்டிப்பளை ஆற்றை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பது எனக்குத் தெரியும். ஆனால் உலகெங்கும் ஆறுகளை மறித்த ஒரு நிறுவனம் தோன்றிய ஊர் என்ற ஒரு வரியையாவது எதிர்பார்த்தேன். எனவே முதல் வெற்று அட்டையில் நானே எழுதினேன்: இங்கினியாகல, 1949 இல் தொடக்கம், கட்டியவர்கள் பொய்சியைச் சேர்ந்தோர், நேரப்பதிவாளர்களில் ஒருவர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர். அந்த நிலத்தில் முன்பு வேடர்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் கீழே எழுதினேன். அதை விட்டுவிட்டு ஐடஹோக்காரரை மட்டும் குறை சொல்லுவது நேர்மையாகாது. இரண்டாவதில் 'பெயர்' ஆற்றையும் மூன்றாவதில் ரீற்றன் அணையையும் எழுதினோம். நான்காவதைப் பேரன் பீவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறான். பரசூட்டை எப்படி வரைவது என்பதில்தான் தடை.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், புவியியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன், அருகில் இருந்து வாசித்துக் காட்ட ஒருவர் உண்டு என்றால். பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள நினைப்பவர்கள் வரைபடத்தையும் விலங்கு அட்டைகளையும் மட்டும் கொடுக்கலாம். சென்ற வெள்ளிக்கிழமை கடையில் இன்னும் மூன்று பெட்டிகள் இருந்தன. விளக்கத்தாள் வேண்டாம் என்றால் 2,600 ரூபாவுக்குத் தருவதாகச் சொன்னார்கள். வாங்குவோர் புதிர்ப்படத்தின் துண்டுகளைக் கடையிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. என்னுடையதில் 99 தான் இருந்தன. பேரன் இரண்டு நாள் இருந்து அடுக்கி முடித்தபோது, ஸ்நேக் ஆறும் மலைகளும் ஏரிகளும் சரியாகப் பொருந்திவிட்டன. காணாமல் போயிருந்த துண்டு பொய்சி. 'மற்றப் பெட்டிகளைப் பிரிச்சுப் பார்க்கிறன் சேர், இருந்தா எடுத்துத் தாறன்' என்று கடைக்காரத் தம்பி சொல்லியிருக்கிறார்.